தடைக்கு மேல் தடை

2019 ஜூனில் ஆங்கில விக்கிப்பீடியாவின் மூத்த நிர்வாகி ஒருவரை விக்கிமீடியா அறக்கட்டளை ஓராண்டுக்குத் தடை செய்தது. புகார் யாருடையது, சான்று என்ன என்பதெல்லாம் பரம ரகசியம். சக நிர்வாகி ஒருவர் தடையை நீக்கினார்; அறக்கட்டளை மறுபடி போட்டு, நீக்கியவரின் பதவியையும் தற்காலிகமாகப் பறித்தது; உடனே இன்னொருவர் வந்து நீக்கினார். ஒரே பக்கத்தில் அடுத்தவர் திருத்தத்தை 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் அழித்தால் சாமானியருக்குத் தடை விழும் இடம் இது! புகார் செய்தவரைக் காட்டிக்கொடுக்கலாமா என்பார்கள். கூடாதுதான், ஆனால் பெயரை மறைப்பது வேறு, குற்றச்சாட்டையே மறைப்பது வேறு. செப்டம்பரில் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு தடையை ரத்து செய்தது. தடை செய்யப்பட்டவரின் நிர்வாகிப் பதவியை மட்டும் திருப்பித் தரவில்லை. வரிக்கு வரி சான்று கேட்கும் கலைக்களஞ்சியம், தண்டனைக்கும் ஒரு மேற்கோள் கேட்டிருக்கலாம்.