பாசத்துக்குமா டியூசன்?

வாடே பேராண்டி, உக்காரு. கையில என்ன நோட்டீசு? ‘பெண் குழந்தைகளின் ஆளுமை வளர்ச்சி: தாய்மார்களுக்கு ஒருநாள் பயிலரங்கு.’ மத்தியானச் சாப்பாடும் உண்டு போலிருக்கே! 2025 பிளஸ் டூவுல பொட்டப்பிள்ளைய பாஸானது 96.70 சதவீதம். பயலுவ 93.16. பயிலரங்கு யாருக்குடே வைக்கணும்?

ஒம் மவ பேச மாட்டேங்கா, அதான் ஒங் கவலை. வீட்டுல நீயே நாலு பேருக்குச் சேத்துப் பேசுத. அவ எப்பப் பேசுவா? எடுத்த வேலைய முடிக்காம எந்திரிக்க மாட்டா அந்தப் பிள்ள. பரீச்சைக்குக் கைகுடுக்கிற குணம் எதுன்னு ஆராஞ்சவங்களும் அதத்தான் சொல்லுதாவ. மைக்கப் பிடிக்கிறதச் சொல்லல.

பிள்ளைக்கு மொத வேண்டியது அரவணைப்புடே. இல்ல, வெள்ளக்காரன் சொன்னாத்தான் நம்புவியோ? சரி, கேளு. அமெரிக்காவுல ஹார்லோன்னு ஒருத்தர். 1950கள்ல குரங்குக் குட்டியளத் தாய்கிட்டருந்து பிரிச்சு, ரெண்டு பொம்மைத் தாய் வச்சாரு. ஒண்ணு வெறுங்கம்பி, பால்புட்டி அதுலதான். இன்னொண்ணு துணி சுத்துனது, பால் கெடையாது. குட்டி என்ன செஞ்சுது? பசிச்சா கம்பிகிட்டப் போயி குடிச்சிட்டு, மத்த நேரம்பூரா துணியக் கட்டிக்கிட்டுக் கெடந்துது. பாவம், வாயில்லாச் சீவன். நம்ம ஆச்சிகிட்டக் கேட்டிருந்தா வெத்தல போட்டுக்கிட்டே சொல்லியிருப்பாள்லா?

பொறவு 1960கள்ல, கலிபோர்னியாவுல, டயானா பாம்ரிண்ட்னு ஒரு அம்மா. பெத்தவங்கள ரகம் பிரிச்சாவ. கண்டிப்பும் கனிவும் சேந்த வீட்டுப் பிள்ளையதான் தன் கால்ல நிக்குதுன்னாவ. ஒடனே நீ, கண்டிப்பு எம்புட்டு, கனிவு எம்புட்டுன்னு கேப்ப. ஒண்ண மட்டும் அள்ளிக் குடுத்தா, பருத்திக்கு யூரியாவ அள்ளிப் போட்டவன் கதைதான். செடி ஆளுயரம் நிக்கும். காய் எங்கடே?

பாசம் காட்டுனா மார்க் கூடுமான்னு கேக்கியே, கூடலேன்னா நிறுத்திருவியா? பதினாலு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாதுன்னு நெனைக்காத. மார்க் வந்த அன்னைக்கு மட்டும் முட்டை பொரிச்சு வச்சா, ஏன்னு அவளுக்குத் தெரியும். பிள்ள வாசப்படி ஏறுது, பை இன்னும் தோள்ல கெடக்கு, அதுக்குள்ள ‘கணக்கு பேப்பர் குடுத்தாவளா?’ சாப்பிட்டியான்னு கேட்டா வாய் வலிக்கா?

காலையில ரெட்டச்சடை பின்னுத நேரம்னு ஒண்ணு இருக்கு பாரு. நம்ம வீடுகள்ல பொம்பளப்பிள்ள வாயத் தொறக்கிறது அப்பதான். அம்மா பின்னால இருக்கா, முகம் பாக்க வேண்டாம்லா. எவ கூடச் சண்ட, எந்த டீச்சர் திட்டுனாவ, எந்தப் பய பின்னாலயே சைக்கிள்ல வாரான், எல்லாம் வரும். கேக்கவே வேண்டாம், சீப்ப மெதுவா ஓட்டுனாப் போதும். ஒம் பொண்டாட்டி என்ன செய்யா? தலைய இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, ‘ஒளிச்சேர்க்கைன்னா என்ன, சொல்லு’ன்னு கேக்கா. பிள்ள ஓடவும் முடியாது!

அவளையும் முழுசாக் கொற சொல்ல மாட்டேன். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மூணு டப்பாவுக்குச் சோறு கட்டுதவளுக்குக் கனிவு எங்கருந்துடே வரும்? நீ அந்நேரம் பேப்பர விரிச்சு உலகத்தத் திருத்திக்கிட்டு இருக்க. நாளைக்கு அந்தத் தேங்காய நீ துருவு. அவ சடையப் பின்னட்டும்.