ரெக்கார்டு நோட்டு முதல் வெற்றிலைத் தட்டு வரை: கல்லூரிக் காதல் சம்பந்தப் பேச்சாகும் முறைமை

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் முளைக்கும் காதல், 4 ஆண்டுகளையும் 8 பருவத் தேர்வுகளையும் கடந்து சம்பந்தப் பேச்சாக முதிரும் முறைமையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சம்பந்தப் பேச்சு என்பது, தலைவன் தலைவியை நோக்கி மணக்கச் சம்மதமா என வினவுவதன்று; அவ்வினா பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை என்பதாலும், கேட்கப்பட்டாலும் விடை முன்பே தெரிந்திருக்கும் என்பதாலும், அது ஆய்வுக்கு உரியதாகாது. இரு வீட்டாரும் கூடத்தில் அமர்ந்து, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து, வெயிலையும் வந்த வழியையும் பற்றிப் பேசித் தீர்த்தபின் தயங்கித் தொடங்கும் பேச்சே இங்குக் கருதப்படுகிறது.

மறைவில் நிகழும் காதலைக் களவு என்றும், மணத்தோடு தொடங்கும் வாழ்வைக் கற்பு என்றும் தொல்காப்பியம் வகுக்கும். களவு கண்ணில் தொடங்கும் என்பது பழைய கொள்கை. ரெக்கார்டு நோட்டில் தொடங்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ரெக்கார்டு நோட்டாவது, ஆய்வகச் சோதனைகளை எழுதிப் படம் வரைந்து ஆசிரியரின் கையெழுத்துப் பெற வேண்டிய கெட்டி அட்டை நோட்டு ஆகும். அதைக் கடன் வாங்குதல் நட்பு. வாங்கியதைத் திருப்பித் தர மறத்தல் குறிப்பு. தன் ரெக்கார்டை முடித்த தலைவி, தலைவனுடையதையும் வாங்கி எழுதத் தொடங்குதல் மீள இயலாத நிலை.

அடுத்து ஊர்ப்பேச்சு. வாய்க்குள் முணுமுணுக்கப்படுவது அம்பல், வெளிப்படப் பேசப்படுவது அலர் என்பர். கடைசி பெஞ்சில் தோன்றும் அம்பல், அவ்விருவரையும் சேர்க்காமல் தொடங்கப்படும் வாட்ஸ்அப் குழுவில் அலராகி, கேன்டீன்காரர் வரை பரவிய பின்னரும், இரு வீடுகளை மட்டும் எட்டாது நிற்பது வியப்பிற்குரியது.

மணத்தை விரைவுபடுத்துமாறு தோழி தலைவனை நெருக்குவது வரைவு கடாதல் எனப்படும். "வீட்ல எப்பதான் சொல்லப் போறீங்க?" என்பது அதன் இக்கால வடிவம். தலைவன் கூறும் விடை "வேலை கிடைக்கட்டும்" என்பதாகலின், மணத்திற்குரிய பொருள் தேடப் பிரியும் வரைபொருட் பிரிவு, இன்று கேம்பஸ் இன்டர்வியூவில் தொடங்கிப் பெங்களூருவிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ சென்று முடிகிறது. தேறாத தாளாகிய அரியர் இப்பிரிவையே தள்ளிப்போடும் ஆற்றலுடையதாயினும், பண்டை இலக்கணிகள் அதற்கு நூற்பா செய்யாது விட்டனர்.

காதலை முறைப்படி வீட்டாருக்கு வெளிப்படுத்துவது அறத்தொடு நிற்றல். தோழி வளர்ப்புத் தாயாகிய செவிலிக்கும், செவிலி பெற்ற தாயாகிய நற்றாய்க்கும் உரைத்த வரிசையில், செவிலியின் இடத்தைத் தற்போது சித்தியோ அத்தையோ நிரப்புகின்றனர். செய்தி தந்தையை அடைந்ததும் அவர் உண்ணாது படுத்தல், தொலைக்காட்சியை அணைத்தல், மறுநாள் "என்ன ஆளுங்க?" என வினவல் ஆகிய மூன்றும் நிகழும். எட்டுப் பருவத் தேர்வுகளைத் தாண்டிய காதல்கள் பல இந்த ஒற்றை வினாவில் தோற்றுப்போயின என்பதை நகையின்றிப் பதிவு செய்தல் ஆய்வாளர் கடன்.

பெண்ணைக் கொடுப்போர் இன்றியும், தலைவனுடன் தலைவி வீட்டை விட்டுச் செல்லும் உடன்போக்கில் மணச்சடங்கு உண்டு எனத் தொல்காப்பியமே இசைகிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமோ 30 நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் போதும் என்கிறது. இலக்கணமும் சட்டமும் வழிவிட்டும், தந்தையின் ஒரு தலையசைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் உளர் என்பதே இத்துறையின் மையப் புதிர்.

புதிர் அவிழும் இடம் பெண் பார்க்கும் படலம். பல ஆண்டுகள் நாள்தோறும் பேசிய தலைவிக்குத் தலைவன் புதியவனாகக் காட்டப்பட, அவளும் முதன்முறை காண்பவள் போலக் காப்பியை நீட்ட, "தனியா ஏதாவது பேசணுமாப்பா?" எனப் பெரியவர் ஒருவர் பெருந்தன்மையோடு கேட்க, இருவரும் மொட்டை மாடிக்குச் சென்று பேசுவதற்கு ஏதுமின்றி நிற்பர். பின்னர் அச்சாகும் அழைப்பிதழில் 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி' என்ற தொடர் இடம்பெறும். அது பொய்யன்று. காதலைத் தேர்ந்தவர் இருவராயினும், அம்முடிவு தம்முடையதே எனப் பெரியோர் நம்பும் நாளில்தான் கல்லூரிக் காதல் திருமணமாகிறது என்பதே இவ்வாய்வின் முடிபு. ஆதலின், அவ்வழைப்பிதழைப் பெறும் வாசகர், மேடையேறி "எத்தனை வருஷப் பழக்கம்?" என வினவாது, மொய்யெழுதிவிட்டுப் பந்திக்குச் செல்வாராக.