ஒருவருக்கு ஒருவர்

2018 ஜனவரிக் கடைசியில் நான் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது மாணவர் பரிமாற்றத்தின் கணக்கு ரொம்ப எளிமையானது. அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார், இங்கிருந்து ஒருவர் அங்கே போவார். கல்விக் கட்டணத்தை அவரவர் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே கட்டிவிட வேண்டும். போன இடத்தில் ஒரு பைசா கேட்க மாட்டார்கள். சென்னையில் எம்.ஏ. வரலாற்றுக்குக் கட்டிய அதே கட்டணத்தில்தான் யார்க்‌ஷயரில் ஒரு செமஸ்டர் படித்தேன். விமான டிக்கெட்டுக்கும் விடுதி வாடகைக்கும் அம்மா ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் போட்டார். என்னுடையது குறுகிய காலப் படிப்பு விசா, வேலை பார்க்க அனுமதி கிடையாது. படிப்பைத் தவிர எனக்கு அங்கே வேறு ஜோலியே இல்லை. அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது இன்றைய பிள்ளைகள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே படிப்பதைப் பார்க்கும்போது தெரிகிறது.

பகலெல்லாம் பிரதர்ட்டன் நூலகத்தில் இருப்பேன். 1936இல் திறந்தது. வட்டமான வாசிப்புக் கூடம், பச்சைப் பளிங்குத் தூண்கள், தலைக்கு மேல் பெரிய குவிமாடம். அங்கே உட்கார்ந்து யார்க்‌ஷயர் கம்பளி ஆலைகளைப் பற்றி முதல் கட்டுரை எழுதினேன். 64 மதிப்பெண் வந்தது. ஊரில் எண்பதுக்குக் குறையாமல் வாங்கிப் பழகியவளுக்கு அது தோல்வி மாதிரி இருந்தது. அங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60க்கு மேல் போனால் நல்ல மாணவர் என்று அர்த்தம் என்பதைப் பக்கத்து அறைப் பெண்தான் சொன்னாள்.

ஆனால் என்னை உலுக்கியது மதிப்பெண் இல்லை. ‘ஆலை முதலாளிகள் இதை எதிர்த்தார்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஓரத்தில் ஆசிரியர் மூன்று கேள்விகள் போட்டிருந்தார். எந்த முதலாளி? எந்த ஆலை? உனக்கு எப்படித் தெரியும்? அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அரைமணி நேரம் அந்த ஒரே வரியைப் பற்றிப் பேசினார். அதுவரை என் எழுத்தை யாரும் அவ்வளவு மரியாதையாக எடுத்துக்கொண்டதில்லை. நம் பக்கம் பல்கலைக்கழகத் தேர்வு எழுதிவிட்டு வந்தால் விடைத்தாள் மறுபடி கண்ணில் படாது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். அதிலும் எண்கள்தான் இருக்கும்.

பிப்ரவரி 22ஆம் தேதி அதே ஆசிரியர் வாசலில் பதாகையோடு நின்றார். நாடு முழுக்க 60க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தார்கள். ஓய்வு பெறும்போது இவ்வளவு கிடைக்கும் என்ற உறுதியை எடுத்துவிட்டு, ஓய்வூதியத்தைச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் விடப்போகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. நான்கு வாரங்களில் 14 நாள் வேலைநிறுத்தம். நடுவிலேயே, பத்திரிகைகள் ‘கிழக்கிலிருந்து வந்த மிருகம்’ என்று பேர் வைத்த அந்தக் குளிரும் வந்தது. பார்க்கின்சன் கட்டடத்தின் வெள்ளை மணிக்கூண்டுக்குக் கீழே, படிகளில் பனி குவியக் குவிய, அறுபது வயதுக்காரர்கள் கையுறையோடு துண்டறிக்கை கொடுத்தார்கள்.

எனக்கு அது அந்நியமான விவகாரமே இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு அப்போது பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் இருந்தது. அம்மா அந்தத் தேதிக்குப் பிறகு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தவர். 2017 செப்டம்பரில் ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் போராட்டத்துக்குப் போய் வந்தவர். லீட்ஸில் வேலைநிறுத்த நாட்களில் வகுப்புக்குப் பதிலாக ஆசிரியர்கள் வெளியே இடம் பிடித்துப் பாடம் பேசினார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று. அப்படி ஒரு மாலையில் அம்மாவின் கதையை எழுந்து சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள், பிறகு கேள்வி கேட்டார்கள்: ஒரு ஆசிரியருக்கு மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள், அரசு எவ்வளவு போடுகிறது, அந்தப் பணம் எங்கே இருக்கிறது? பதில் சொல்ல நான் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட வேண்டியிருந்தது. இந்தியா என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்காமல், என்னிடம் தெரிந்துகொள்ள உட்கார்ந்தவர்கள் அவர்கள். பரிமாற்றம் என்று அதைத்தான் சொல்வேன்.

லீட்ஸில் பார்த்த அந்தப் போராட்டம் எங்கே போய் முடிந்தது என்று தொடர்ந்து கவனித்தேன். 2022 ஏப்ரலில் ஓய்வூதியப் பலன்களை வெட்டினார்கள். 2024 ஏப்ரலில் வெட்டியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆறு வருடம் விடாமல் நின்றிருக்கிறார்கள். ஆனால் ஓய்வூதியம் திரும்பி வந்த சமயத்தில் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர் கட்டணம் 2017இலிருந்து 9,250 பவுண்டிலேயே நின்றது. 2025இல்தான் 9,535 ஆனது. விலைவாசி ஏறியது, வருமானம் ஏறவில்லை. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டண உச்சவரம்பு கிடையாது என்பதால் பல்கலைக்கழகங்கள் அவர்களை நம்பியே ஓடின. அதே நேரத்தில் அரசாங்கம் 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வர முடியாது என்றது. வரத்துக் குறைந்ததும் துறைகளை மூடுகிறார்கள், ஆட்களைக் குறைக்கிறார்கள். ஓரத்தில் மூன்று கேள்வி எழுத நேரமுள்ள ஆசிரியர்கள்தான் இதில் முதலில் போவார்கள் என்பது என் பயம்.

இப்போது அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களே இங்கே வருகின்றன. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025இல் குருகிராமில் வளாகம் திறந்துவிட்டது. இன்னும் பல வரிசையில் நிற்கின்றன. திருநெல்வேலிப் பக்கம் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், அதே டிகிரி இங்கேயே கெடைக்கும்போது எதுக்கு மிஸ் அவ்வளவு தூரம் போகணும்?” பட்டம் மட்டும் வேண்டுமென்றால் அவள் கேட்பது நியாயம். பெற்றோருக்குச் செலவும் குறையும். ஆனால் அந்தப் படிகளில் நின்றவர்களை அவள் எங்கே பார்ப்பாள்? அவளிடம் பதாகையையும் பனியையும் பற்றி ஒரு வகுப்பு நேரம் முழுக்கச் சொன்னேன்.

எங்கள் கல்லூரிக்கும் ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒப்பந்த வரைவு வந்திருக்கிறது. இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் அங்கே, அந்த வருடத்துக்கு அவர்களுடைய முழுக் கட்டணம். குழுவில் நானும் இருக்கிறேன். அதோடு இன்னொரு பிரிவையும் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்: வருடத்துக்கு ஒருவருக்கு ஒருவர், ஒரு செமஸ்டர், கட்டணம் அவரவர் ஊரில். அங்கிருந்து வரும் பிள்ளை எங்கே தங்கும், என்ன சாப்பிடும் என்று முதல்வர் கேட்டார். மகளிர் விடுதியில் ஓர் அறை ஒதுக்க வார்டன் சம்மதித்துவிட்டார். சாப்பாடு மெஸ்ஸில்தான் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.