கழுத்துதான் சிக்கல்

தலையை எடுத்து இன்னொரு உடம்பில் ஒட்டும் தொழிலுக்கு முன்னோடி சிவபெருமான். மாமனார் தட்சனுக்கு ஆட்டுத் தலை வைத்துப் பழகிய கை அது. பிறகு கோபத்தில் பிள்ளையின் தலையையே சீவிவிட்டார். பார்வதி விடுவாளா? "இப்பவே பழையபடி ஆக்கித் தாங்க" என்று நின்றுவிட்டாள். அவசர ஆர்டர். வடக்கே தலைவைத்துப் படுத்திருந்த யானை ஒன்று மாட்டியது. அதனிடம் யாரும் சம்மதம் கேட்டதாகப் புராணத்தில் இல்லை. அளவு வேறு, நிறம் வேறு, ஜாதியே வேறு. ஆனாலும் பிள்ளையாரின் கழுத்தில் ஒட்டு தெரிகிறது என்று இன்றுவரை ஒரு பக்தரும் புகார் கொடுக்கவில்லை. காது அகலம், கழுத்து குட்டை, மீதியை அருகம்புல் மாலை பார்த்துக்கொண்டது.

மதுரைச் சிற்பிக்கு இது போதவில்லை. மீனாட்சி கோயில் தூண் ஒன்றில் யானைத் தலை, பெண் உடல், புலிக்கால் மூன்றையும் சேர்த்து வியாக்ரபாத விநாயகியைச் செதுக்கி வைத்தான். இன்றைய டிசைனர் பாஷையில் மூணு லேயர். கல்லில் 'கண்ட்ரோல் இசட்' கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஆளின் தைரியம் புரியும்.

அப்புறம் சினிமா வந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையனாகச் சேர்ந்து தேறியவர் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா. அவரை 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்' படத்தில் இரண்டாகப் பிரித்தது. தமிழில் முதல் இரட்டை வேடம் அதுதான் என்பார்கள். கதைக்கு மூலம் பிரெஞ்சுக்காரர் அலெக்சாந்தர் துமாவின் இரும்பு முகமூடி மனிதன். கதையிலும் மாஸ்க், கேமராவிலும் மாஸ்க்.

மாஸ்க் ஷாட் எடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, பெரிய அவஸ்தை. கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டை வைத்துப் பாதியை மறைப்பார்கள். திறந்த பாதியில் நல்லவர் நடிப்பார். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றினால் கெட்டவர் வருவார், எதிரே வெறும் காற்றைப் பார்த்துக் கறுவுவார். யாராவது கேமரா ஸ்டாண்டில் கால் தட்டினால் இரண்டு அரை மண்டபங்களும் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். ஆவேசத்தில் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் மணிக்கட்டோடு கை காணாமல் போகும். பழைய படங்களில் அண்ணன் தம்பி மோதும்போது நடுவில் ஏன் தவறாமல் ஒரு தூணோ திரைச்சீலையோ நிற்கிறது என்று இப்போது விளங்கியிருக்குமே. பிள்ளையாருக்கு மாலை, சின்னப்பாவுக்குத் தூண்.

1958-இல் சிவாஜி அதே 'உத்தம புத்திரன்' பெயரில் இரண்டானார், எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்ன'னில் இரண்டானார். ஆளுக்கொரு தலைவருக்காகவே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த மதுரை ரசிகர்களுக்கு ஒரே வருஷத்தில் நாலு தலைவர்கள்.

குடிமக்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி போட்டால், பலகையில் வரைந்த உடம்பின் கழுத்து ஓட்டையில் தலையைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டூடியோக்களில் டச்சிங் ஆர்ட்டிஸ்டுகள் குரூப் போட்டோவின் மூலையிலிருந்து செத்துப்போன தாத்தாவை உருவி, கோட்டு மாட்டி, பாட்டி பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உயிரோடு இருந்தவரை சட்டையே போடாத மனுஷன்.

அமெரிக்காவில் நோல் சகோதரர்கள் போட்டோஷாப்பை உருவாக்க, 1990-இல் அது விற்பனைக்கு வந்தது. லேயர்கள் 1994-இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தன. மாஸ்க்கில் வெள்ளை பூசினால் படம் தெரியும், கறுப்பு பூசினால் மறையும். சின்னப்பா காலத்து அட்டையேதான், ஆனால் ஸ்டாண்டைத் தட்டிவிடும் பயம் இல்லை. நோல் சகோதரர்கள் எதற்காகச் செய்தார்களோ, பிளெக்ஸ் மெஷின் வந்த பிறகு மதுரை அதைக் காதுகுத்துக்குப் பயன்படுத்தியது.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்துகளில் தாய்மாமன் வந்து நின்றால் பேச்சு இப்படித்தான் ஓடும்:

"தம்பி, மருமகப்பிள்ளைய காளை மேல உக்கார வச்சுரு. அலங்காநல்லூர்க் காளையா இருக்கட்டும்."

"பிள்ள படுத்திருக்கண்ணே இந்தப் படத்துல. கழுத்தே இல்ல."

"துண்டு போட்டு மறைச்சுரு. நம்ம கட்சித் துண்டு."

அரசியல்வாதிகள் தோளில் துண்டு ஏன் இத்தனை தடிமனாக வந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். பேனரில் அது செய்யும் வேலை ஒன்றுதான்: எவனோ ஒரு ஜிம் பையனின் உடம்பு முடிந்து, அண்ணனின் தலை தொடங்கும் இடத்தில் திரை கட்டுவது. தலைமுடிதான் இன்னும் வில்லன். நுனியை ஒழுங்காகக் கட் பண்ணாவிட்டால் பழைய கல்யாண மண்டபத்தின் சீரியல் லைட் அண்ணனின் காதோரம் பச்சையாக மின்னும்.

2017 அக்டோபரில் உயர் நீதிமன்றம், உயிரோடிருப்பவர் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. மதுரையில் பேனருக்காக உயிரையே விடுவேன் என்பவர்கள் உண்டு. சட்டம் அதைக் கட்டாயமாக்கும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை. நல்லவேளை, உத்தரவு ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

ஆனால் மாஸ்க்கின் முழு அருமை தெரிந்தது அதே வருஷம் பிப்ரவரியில். அ.தி.மு.க.வின் ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் தியானம் செய்து எழுந்தார். கட்சி இரண்டு அணியானது, ஒரு பக்கத்துப் பேனர்களில் அவர் தலை போயிற்று. அனுபவமில்லாத பையன்கள் ரப்பர் டூலால் தேய்த்து அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆகஸ்டில் அணிகள் இணைந்தன. அழித்தவர்கள் தலையைத் தேடி ராத்திரி முழுக்க முழித்தார்கள். அனுபவஸ்தர்களோ மாஸ்க்கில் கறுப்பைத் துடைத்து வெள்ளையைப் பூசினார்கள், எடப்பாடி பழனிசாமியின் பக்கத்தில் அவர் அதே சிரிப்போடு திரும்பி வந்தார். 2022 ஜூலையில் கட்சிப் பொதுக்குழு அவரை நீக்கியது. மறுபடி கறுப்பு.

"அந்த ஆள மொத்தமா தூக்கிட்டியா?" என்று வட்டச் செயலாளர் ஒருவர் ஸ்கிரீனுக்குள் குனிந்து கேட்டால், தொழில் தெரிந்தவன் சொல்லும் பதில்:

"மறைச்சுத்தாண்ணே வச்சிருக்கேன். எலெக்சன் வருதுல்ல."