வாய் வழியே முழங்காலுக்கு

சர்க்கரை வந்தால் ஊரார் அனுதாபப்படுவார்கள். ரத்த அழுத்தம் வந்தால் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். முழங்கால் வலி மட்டும் வரவே கூடாது. வந்துவிட்டால், எதையாவது சாப்பிட வைக்காமல் ஒருத்தரும் ஓயமாட்டார்கள்.

எனக்கு வலது முழங்கால். படி இறங்கும்போது ‘கடக்’ என்று சத்தம் வரும். நான் வெளியே கிளம்பிவிட்டதை அதை வைத்துத்தான் கீழ்வீட்டுக்காரர் தெரிந்துகொள்கிறாராம். இது தெருவில் பரவிய பிறகு எங்கள் வீட்டில் வெள்ளைத் தோசையைப் பார்க்கவே முடிவதில்லை. எல்லாம் முடக்கத்தான் பச்சை. எதிர்வீட்டு மாமி கீரையை ஆய்ந்து, கழுவி, தூக்கில் போட்டே கொடுத்தனுப்பிவிடுகிறார். லேசாகக் கசக்கும், ஆனால் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி இருந்தால் கசப்பு தெரியாது. அந்தக் கீரையை ஆயுசுக்கும் சாப்பிட்டுவரும் மாமியின் கணவர் கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். இதை நான் பேச்சில் கொண்டுவருவதே இல்லை. தோசை நின்றுபோகும்.

ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவருக்கு முடவாட்டுக்கால் பைத்தியம். கொல்லிமலையில் கிடைக்கும் கிழங்கு அது. பார்த்தால் ரோமம் பொசுக்காத ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மிளகு, சீரகம் தட்டிப்போட்டு சூப் வைத்தால் அசைவத்தைத் தொடாதவர்களும் ரகசியமாகச் சந்தோஷப்படுவார்கள். “மலைக்கே போய்க் குடிச்சாத்தாண்டா பலன்” என்று என்னைக் கூட்டிப்போனார். 70 கொண்டை ஊசி வளைவு. சூப் பிரமாதம். குடித்த தெம்பில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கி, அத்தனையையும் திரும்ப ஏறினோம். சூப் வேலை செய்ததா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. படிகள் வேலை செய்தன.

மஞ்சள் விஷயத்தில் மட்டும் நான் விஞ்ஞானத்தின் பக்கம். மஞ்சளில் வீக்கத்தைத் தணிக்கும் சரக்கு குர்குமின். தனியாகத் தின்றால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சிக்கொள்ளாது. மிளகில் இருக்கும் பைப்பரினோடு சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கொழுப்போடு சாப்பிட்டால் இன்னும் நல்லது என்கிறார்கள். மிளகு, கொழுப்பு, மஞ்சள் மூன்றும் ஒரே இலையில் எங்கே கிடைக்கும்? வெண்பொங்கலில் மிளகு, அதன் தலையில் நெய், பக்கத்தில் மஞ்சள் போட்ட சாம்பார். ஆக, காலை நடைக்குப் பிறகு நண்பர்களோடு ஓட்டலில் நான் சாப்பிடுவது சிற்றுண்டி அல்ல, சிகிச்சை.

என் மனைவி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். “ஏங்க, அந்த ஆராய்ச்சியில எவ்வளவு கொடுத்தாங்களாம்?” என்றாள். ரெண்டு கிராம் குர்குமின் என்றேன். “மஞ்சத்தூள்ல குர்குமின் எவ்வளவு?” நூற்றுக்குச் சுமார் மூன்று. “அப்படின்னா அறுபது, எழுபது கிராம் மஞ்சத்தூள் வேணும். நீங்க அண்டா சாம்பார் குடிக்கணும்.” கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கக் கூடாது.

இதற்கிடையில் சம்பந்தி வந்தார். முட்டை போட்ட கேக்கைக் கையால்கூடத் தொடாத பரம சைவம். அமெரிக்காவிலிருந்து பிள்ளை அனுப்பிய குளுக்கோசமைன் புட்டியை நீட்டி, “கண்ணாடி கொண்டுவரலை, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க” என்றார். பொடி எழுத்தில் இறால், நண்டு என்று இருந்தது. அவற்றின் ஓட்டிலிருந்துதான் பெரும்பாலும் குளுக்கோசமைன் தயாரிக்கிறார்கள். சம்பந்தி முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஓடுதானே, சதை இல்லையே” என்று புட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மாத்திரையைச் சோதிக்க அமெரிக்க அரசின் நிதியில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. முழங்கால் வலிக்காரர்கள் 1583 பேர். மொத்தத்தில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் குளுக்கோசமைன் குறிப்பிடும்படி மேலாக இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு வலி குறைந்திருந்தது! அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று மருந்துக்கடைப் பையனிடம் கேட்டேன். “ஸ்டாக் இல்ல சார்” என்றான்.

கடைசியில் ஆர்த்தோ டாக்டரிடம் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு, தேய்மானம், தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள், எடையைக் குறையுங்கள் என்றார். எடை கூடியவர்கள் ஒரு கிலோ இளைத்தால், வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறையுமாம். இத்தனை பேர் வைத்தியம் சொன்னார்களே, ஒருவராவது “ரெண்டு இட்லி குறைச்சுக்கோங்க” என்று சொன்னாரா? வாயில் போட யோசனை சொல்ல ஊரே இருக்கிறது. வாயைக் கட்டச் சொல்வதற்கு மட்டும் ஃபீஸ் கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.

“மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது” என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும். நமது மாநில மலரான செங்காந்தளில் இருக்கும் கோல்ச்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் மருந்து. அதே செங்காந்தளின் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். மிளகுச் சத்து சேர்த்த அடர் மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறது. சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். புட்டியில் வருவதை விழுங்கும் முன், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மற்றபடி முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். முழங்காலுக்கு ஆகாவிட்டாலும் நாக்குக்கு ஆகும். பிரண்டையில் மட்டும் இளசாகப் பார்த்து எடுங்கள், நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரையுங்கள். இல்லாவிட்டால் அரிக்கிற அரிப்பில் முழங்கால் வலி ஞாபகத்துக்கே வராது.