சரணம் வரை பொறுமை உண்டா?

கே: அந்தக் காலத்து சினிமாப் பாட்டு மனதில் நின்றது. இப்போது வருவது எதுவும் நிற்கவில்லையே, ஏன்?

ப: 1934-இல் வந்த ‘பவளக்கொடி’யில் 50 பாடல்களாம். எங்கே, நாலு பாட்டு முணுமுணுங்கள் பார்ப்போம்! காலம் சலித்துக் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு, இன்றைக்கு வருவதைச் சலிக்காமலே திட்டுகிறோம். தவிர, அன்று இலங்கை வானொலி முதல் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வரை அதே பாட்டுதான். காதைப் பொத்தினாலும் மனப்பாடமாகிவிடும். இன்று கையில் போன். பல்லவி முடிவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறோம். பாட்டு எப்படி நிற்கும்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். டி.எம்.எஸ். பாடினால் ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. இன்றோ சில பாடல்களில், வரிகள் யாருக்கும் புரிந்துவிடக் கூடாதே என்று பாடலாசிரியரே வாத்தியக்காரர்களிடம் கெஞ்சியிருப்பார் போலிருக்கிறது!