கட்டாயமில்லாத காணிக்கையைக் கட்டாயம் வாங்குவது எப்படி?

சபைக் கமிட்டிக்குப் புதுப் பொருளாளரா? வாழ்த்துகள். தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் எந்தச் சபையானாலும் ஒன்றை மறக்காதீர்கள்: தசமபாகம் கட்டாயம் என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். சொன்னால் கேள்வி கிளம்பும். மொத்தச் சம்பளத்தில் பத்திலொன்றா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? பீடி சுற்றும் அக்காவுக்கு பி.எஃப். கழிக்கலாமா? ஒருவர் மல்கியாவைத் திறப்பார், இன்னொருவர் பவுலைத் திறப்பார். ஆராதனை முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாது.

"மனமுவந்து கொடுங்கள்" என்றே அறிவியுங்கள். மற்றதை அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்துக்கொள்ளும்.

அதற்குப் புளியங்குடி எலுமிச்சை ஒன்று போதும். தாராவியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருக்கு வந்திருக்கும் கடைக்கார அண்ணாச்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்பதில்தான் உங்கள் சாமர்த்தியம். 'ஒரு தரம்' என்றதும் மைக்கில் கொஞ்சம் நிறுத்துங்கள். "போன வருசம் அண்ணாச்சி ஐயாயிரத்துக்கு எடுத்தாவ, இந்த வருசம் கையக் கட்டிக்கிட்டு இருக்காவ." மூணாம் தரத்துக்குள் எலுமிச்சை ஆட்டுக்கிடா விலைக்குப் போய்விடும். நீங்கள் யாரையும் வற்புறுத்தவில்லை, பாருங்கள்.

சங்க காணிக்கைப் பாக்கிக்கு வீடுவீடாக அலைய வேண்டாம். மகளுக்குக் கல்யாண ஓலை வாசிக்க ஆள் தானாக வருவார். அப்போது நோட்டைத் திறந்தால் போதும்.

இதெல்லாம் கூச்சமாக இருந்தால் ஜெர்மனிக்குப் போய்விடுங்கள். அங்கே வருமான வரியின் மேல் 8 அல்லது 9 விழுக்காடு சபை வரியை அரசாங்கமே பிடித்துக் கொடுக்கிறது. வேண்டாதவர்கள் எழுதிக் கொடுத்துச் சபையை விட்டு விலகிக்கொள்ளலாம். நம்மூரில் விலகினால் கல்லறைத் தோட்டத்தில் இடம் யார் தருவார்?

இந்த வித்தை எதற்கும் மசியாத வரவு ஒன்று உண்டு: பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள் நம் பெண்கள். வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்று 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பும் துணிச்சல் அசரியாவுக்கும் கூட்டாளிகளுக்கும் வந்தது, இப்படிக் கொடுத்துப் பழகிய ஊர்களை நம்பித்தான். ஆனால் பொருளாளருக்கு இதில் என்ன லாபம்? ரசீது கிடையாது, பெயர் வாசிக்க முடியாது, யார் பிடி சின்னது என்று மைக்கில் கேட்கவும் முடியாது.

ஆகையால் அரிசியை ஒரே மூட்டையாகக் கட்டி, எலுமிச்சைக்கு அடுத்து ஏலத்தில் விடுங்கள்.